எச்.ஓ.டி.க்குப் புது கம்ப்யூட்டர், ஃபீஸ் கவுண்டருக்குப் பழசா?

வாசகர் கேள்வி - பதில்

கல்லூரி அலுவலகங்களிலும் துறை அறைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான், ஊர் மட்டும் வேறு. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்களுடையது தனியார் கலை அறிவியல் கல்லூரி. ஸ்டாஃப் பயன்பாட்டில் 64 கம்ப்யூட்டர். பாதிக்கு மேல் 2013, 2014ல் வாங்கியவை. இந்த ஆண்டு 20 வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சொன்ன அன்றிலிருந்து எல்லாத் துறைத் தலைவர்களும் (எச்.ஓ.டி.) "எனக்கு ஒன்று" என்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது, யாரிடம் இல்லை என்பது?
- அலுவலகக் கண்காணிப்பாளர், குரோம்பேட்டை

பதில்: யாருக்கு என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் சார். முதலில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்தால் தெரியாது, அதில் "டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் - 20 எண்ணம்" என்று ஒரே வரியாக இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை லேப் டெக்னீஷியனைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன பிராசசர், எத்தனை ஜிபி ரேம், உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.யா, எந்த விண்டோஸ், யார் உட்காருகிறார், அதில் நிஜமாகவே என்ன வேலை நடக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, முடிவு செய்ய வேண்டியதே அதை வைத்துத்தான்.

எழுதி முடித்ததும் மூன்று குவியலாகப் பிரியும். இன்டெல் 8ம் தலைமுறையும் அதற்கு மேலும் ஒரு குவியல். 4 முதல் 7 வரை இன்னொன்று. அதற்கும் கீழே மூன்றாவது. தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது: ஐ5-4570 என்றால் 4ம் தலைமுறை, ஐ3-8100 என்றால் 8ம் தலைமுறை, ஐ3-10100 என்றால் 10ம் தலைமுறை. ஏன் 8ல் கோடு போடுகிறேன் என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

இப்போது யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம். பதவியைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், வேலையைப் பார்த்துக் கொடுங்கள். நம் கல்லூரிகளில் நடப்பது நேர் எதிர். புதிய மெஷின் முதல்வர் அறைக்குப் போகும், அங்கே மெயில் பார்ப்பதும் சுற்றறிக்கையைத் திறப்பதும் தவிர அதற்கு வேறு வேலை இருக்காது. முதல்வர் அறையில் இருந்தது துறைத் தலைவருக்கு, அவரிடம் இருந்தது ஸ்டாஃப் ரூமுக்கு, கடைசியில் பத்து வருஷப் பழசு ஃபீஸ் கவுண்டரில் வந்து உட்காரும். அட்மிஷன் நேரத்தில் பெற்றோர் வரிசை கேட் வரைக்கும் நிற்பதற்கு அந்த மெஷின்தான் காரணம், திட்டு வாங்குவது மட்டும் கவுண்டரில் இருக்கும் பெண்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். தேர்வுப் பிரிவு, ஃபீஸ் கவுண்டர், அக்கவுண்ட்ஸ், அட்மிஷன், ஸ்காலர்ஷிப் பார்ப்பவர். இவர்கள் காலை ஒன்பதரை முதல் மாலை வரை மெஷினை விட்டு எழுந்திருப்பதில்லை, கணக்கு எழுதும் டேலி ஒரு பக்கம், பல்கலைக்கழக போர்ட்டல் ஒரு பக்கம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இன்னொரு பக்கம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்கடுத்து, எஸ்.பி.எஸ்.எஸ்., மேட்லாப் மாதிரி கனமான மென்பொருள் ஓட்டும் துறைகள். அப்புறம் ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஸ்டாஃப் ரூம் மெஷின்கள். துறைத் தலைவர் அறை நாலாவது. கோபித்துக்கொள்வார்கள், தெரியும். அவர்களில் பாதிப் பேர் சொந்த லேப்டாப்பில்தான் வேலை செய்கிறார்கள் என்பது உங்கள் பட்டியலிலேயே வந்திருக்கும்.

இன்னொன்று. இந்த ஆண்டு 20 வாங்குவதோடு நிறுத்திவிட்டால் இதே சண்டை நாலைந்து ஆண்டில் திரும்ப வரும். 64ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 13. இவ்வளவு ஆண்டுதோறும் மாறும் என்று ஒரு தீர்மானம் போட்டு, எந்த அறைக்கு எந்த ஆண்டு என்ற பட்டியலை ஸ்டாஃப் ரூம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். தன் முறை 2028 என்று தெரிந்தவர் முணுமுணுப்பாரே தவிர, முதல்வர் அறை வாசலில் போய் நிற்க மாட்டார். ஒரே தடவையில் மொத்தமாக வாங்கும் கல்லூரிகளும் உண்டு, அதில் விலை கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 64க்கும் வாரன்டி ஒரே நாளில் முடியும், ஒரே பேட்ச் பவர் சப்ளை ஒரே சீசனில் போகும், அடுத்த முறை அவ்வளவு பெரிய தொகையை நிர்வாகத்திடம் கேட்கும்போது "இப்போதுதானே வாங்கினோம்" என்பார்கள்.

பழைய மெஷினைக் கீழே தள்ளிக்கொண்டே போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு படி இறக்குங்கள், போதும். தேர்வுப் பிரிவிலிருந்து வந்தது ஸ்டாஃப் ரூமுக்குப் போகலாம், அங்கிருந்து எடுத்தது கண்டெம், அதாவது கழித்துவிட வேண்டியது. அதையும் தூக்கி இன்னொரு மேசையில் வைத்தால் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் டெக்னீஷியனின் அரை நாள் போகும். ஃபைல் காப்பி, பிரிண்டர் டிரைவர், மறந்துபோன பாஸ்வேர்டு எல்லாம் அந்த அரை நாளில்தான் அடங்க வேண்டும். உங்கள் கல்லூரியில் டெக்னீஷியன் ஒரே ஒருவர்தான் இருப்பார், அவரைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் ஆபீசில் எல்லா மெஷினும் ஜம்மென்று ஓடுகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?
- கல்லூரி அலுவலக உதவியாளர், அம்பத்தூர்

பதில்: ஓடும், இன்னும் பல ஆண்டு ஓடும். 2025 அக்டோபர் 14ல் நின்றது இலவசப் பாதுகாப்பு அப்டேட். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் உங்கள் மெஷினில் அடைபடாது. ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் ஆதரவு அதே நாளில் முடிந்தது, இதைப் பலரும் கவனிக்கவில்லை. மாணவர் கொண்டுவரும் பென் டிரைவை நாள் முழுக்கச் செருகும் மெஷினில் இது சின்ன விஷயம் இல்லை.

விண்டோஸ் 11க்கு மாற்றிவிடலாமே என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பொதுவாக 8ம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரையும் கேட்கிறது. 8ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் வந்ததே 2017 கடைசியில். அதற்கு முன் வாங்கியது எதுவும் முறைப்படி ஏறாது. ஏதோ ஒரு டூல் வைத்து அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். வீட்டு மெஷினில் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், மார்க் ஷீட் இருக்கும் மெஷினில் வேண்டாம். ஒரு பெரிய அப்டேட்டில் நின்றுபோனால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, இதைக் கல்லூரிகளுக்கு யாரும் சொல்வதில்லை. பணம் கட்டிப் பெறும் நீட்டிப்பு அப்டேட்டுக்குக் கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் விலை ஒரு மெஷினுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. கம்பெனிகளுக்கு முதல் ஆண்டுக்கே 61 டாலர். வால்யூம் லைசென்ஸ், அதாவது நிறுவனங்கள் மொத்தமாக உரிமம் வாங்கும் ஒப்பந்தம் வழியாகக் கிடைக்கும், உங்கள் கல்லூரிக்கு அந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2028 அக்டோபர் வரை மூச்சு விட்டுக்கொள்ளலாம், அதற்குள் முதல் பதிலில் சொன்ன ஐந்தாண்டுப் பட்டியலில் பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

கேள்வி: எஸ்.எஸ்.டி. போட்டாலே புது மெஷின் மாதிரி ஆகிவிடும் என்கிறாரே எங்கள் சர்வீஸ் பையன்?
- உதவிப் பேராசிரியர், ஆவடி

பதில்: வேகத்தில் அவர் சொல்வது சரிதான். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரும் மெஷின் அரை நிமிஷத்தில் எழுந்து நிற்கும். 8ம் தலைமுறைக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் போடுங்கள், ரேம் 4 ஜிபியாக இருந்தால் அதையும் 8 ஆக்குங்கள், இன்னும் மூன்று நாலு ஆண்டு கவலை இல்லை. 4ம் தலைமுறை மெஷினில் போட்டால் வேகம் வரும், விண்டோஸ் 11 வராது. அதில் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டு ஓட்டத் தயார் என்றால் செலவு செய்யலாம்.

கேள்வி: எங்கள் துறையில் அறைக்கு ஒரு சின்ன லேசர் பிரிண்டர் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாடிக்கு ஒரு பெரிய மெஷின் வைக்கப் போகிறார்களாம். இன்டர்னல் கேள்வித்தாளை எல்லோரும் நடமாடும் வராந்தாவிலா பிரிண்ட் எடுப்பது?
- பேராசிரியை, மயிலாப்பூர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது, மேடம். நிர்வாகம் செய்வதும் தப்பில்லை. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

முதலில் அவர்கள் ஏன் எடுக்கிறார்கள் என்பது. நம் கல்லூரிகளில் அறைக்கு அறை இருப்பது எச்பி 1020, கேனான் எல்பிபி 2900 வகையறா. கிட்டத்தட்ட இருபது வருஷ மாடல், சாகாவரம் பெற்றவை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யு.எஸ்.பி. மட்டும்தான், நெட்வொர்க்கில் சேராது. இரண்டு பக்கமும் தானாக அடிக்காது, தாளைக் கையால் திருப்பிப் போட வேண்டும். விண்டோஸ் 11க்கு மாறும்போது இதன் டிரைவர் சில மெஷினில் ஏறும், சிலவற்றில் மக்கர் பண்ணும். முக்கியமான செலவு டோனர். எச்பி 12ஏ கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்படும் கணக்கு 2,000 பக்கம், 88ஏ என்றால் 1,500. அதுவும் பக்கத்தில் 5 சதவீதம் மட்டும் மை படிந்தால். நாம் அடிக்கும் டைம் டேபிள், கட்டம் போட்ட மார்க் பட்டியல் எல்லாம் 5 சதவீதத்தில் நிற்குமா? கார்ட்ரிட்ஜ் விலையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது பேப்பரில் இருக்கும் கணக்கு, நிஜச் செலவு அதைவிடக் கூடுதல். ரீஃபில் பண்ணினால் குறையும்தான், ஆனால் நாலாவது ரீஃபிலில் டிரம் தேய்ந்து பக்கத்தின் நடுவே கறுப்புக் கோடு விழும், டோனர் கொட்டி உள்ளே அப்பிக்கொள்ளும்.

பெரிய மெஷினில் பக்கச் செலவு நன்றாகவே இறங்கும், இரண்டு பக்கம் அடிப்பதால் தாளும் பாதியாகும். பல இடங்களில் இதை விலைக்கே வாங்குவதில்லை. மாத வாடகை, இல்லையென்றால் காப்பி ஒன்றுக்கு இத்தனை பைசா என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள், டோனரும் ரிப்பேரும் அவர்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தில் மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை காப்பி என்று ஒரு வரி இருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் மே மாதம் கல்லூரி மூடியிருக்கும்போதும் பில் வரும். விடுமுறை மாதத்துக்குத் தனி எண்ணிக்கை கேளுங்கள், பேசினால் ஒத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் கேள்வித்தாள். இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் பின் நம்பர் போட்டு எடுக்கும் வசதி உண்டு. உங்கள் சீட்டிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் உடனே வெளியே வராது, நீங்கள் மெஷின் முன்னால் போய் நின்று நம்பரைத் தட்டிய பிறகுதான் வரும். வசதி இருந்தும் அதை ஆன் செய்து கொடுக்காமலே போய்விடுவார்கள், அதனால் மெஷின் வந்து நிற்கும் நாளிலேயே ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அமைத்துத் தரச் சொல்லிப் பிடிவாதமாக நில்லுங்கள். இரண்டாவது, இந்த மாதிரி பெரிய மெஷின்கள் பலவற்றுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். நீங்கள் அடித்ததும் ஸ்கேன் செய்ததும் அதில் தங்கக்கூடும். வாடகை மெஷின் திரும்பிப் போகும்போது அதை அழித்தோ, டிஸ்க்கைக் கழற்றிக் கல்லூரியிடம் கொடுத்தோதான் எடுத்துப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். யாரும் யோசிப்பதில்லை, ஒரு செமஸ்டர் கேள்வித்தாள் முழுக்க அந்த டிஸ்க்கோடு கடைக்குப் போயிருக்கும்.

செமஸ்டர் தேர்வு விஷயத்துக்கு மட்டும் சமாதானமே வேண்டாம். தேர்வுப் பிரிவுக்குப் பூட்டிய அறைக்குள் தனி பிரிண்டர், நெட்வொர்க்கில் சேர்க்காமல். அங்கே அந்தப் பழைய 1020ஐக்கூட வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படியென்றால் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கலாமா? பக்கத்துக்குச் சில பைசாதானாமே.
- நூலகர், தாம்பரம்

பதில்: கலர் வேண்டிய இடத்துக்கு, தினமும் அடிக்கும் இடத்துக்கு வாங்கலாம். உங்கள் நூலகத்தில் மே மாதம் முழுக்க மூடி வைத்துவிட்டு ஜூனில் திறந்தால் மை தெளிக்கும் ஹெட் காய்ந்திருக்கும், அடைப்பு எடுக்கிறேன் என்று கிளீனிங் கொடுத்துக் கொடுத்தே பாதி இங்க் தீர்ந்துவிடும். போனஃபைடு சான்றிதழ் மாதிரி வெளியே எடுத்துப் போகும் தாளுக்கும் சரிவராது. சில மாடல்களின் மை தண்ணீர் பட்டால் பரவும், நம் ஊரில் நவம்பர் மாதம் பையன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவான்.

கேள்வி: ஃபீஸ் ரசீதுக்கு இன்னும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ்தான் ஓடுகிறது. சத்தம் தாங்கவில்லை. புதிய கம்ப்யூட்டர் வந்தால் இதையும் மாற்றிவிடலாமா?
- காசாளர், வண்ணாரப்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். கார்பன் வைத்த மூன்று பிரதி ரசீது ஒரே அடியில் விழுவது டாட் மேட்ரிக்ஸில் மட்டும்தான், அது தாளைத் தட்டி அடிப்பதால். லேசருக்குப் போனால் மூன்று தடவை அடிக்க வேண்டும், ஆடிட்டரும் இரண்டாம் பிரதி எங்கே என்பார். ரிப்பன் செலவும் கொஞ்சம்தான். மாற்ற வேண்டுமென்றால் முதலில் ரசீது முறையை மாற்றுங்கள், பெற்றோருக்கு மெயிலிலோ போர்ட்டலிலோ ரசீது போகட்டும், மெஷின் அதன் பிறகு தானாக ஓய்வுபெறும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பிரிண்டர் பழசு என்றால் பின்னால் அகலமான பேரலல் போர்ட் கேபிள் இருக்கும். இப்போது வரும் கம்ப்யூட்டர் பெரும்பாலானவற்றில் அந்தப் போர்ட் கிடையாது. கொட்டேஷன் கேட்கும்போதே பேரலல் போர்ட் கார்டு சேர்த்துக் கேளுங்கள். அட்மிஷன் தொடங்கும் நாளில் இது தெரியவந்தால் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கஷ்டம்.

கேள்வி: மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்த விலைக்காரரிடம் வாங்கினோம். வந்த மெஷின் ஓராண்டிலேயே தகராறு. எங்கே தப்பு?
- கொள்முதல் குழு உறுப்பினர், பூந்தமல்லி சாலை

பதில்: நீங்கள் என்ன எழுதிக் கேட்டீர்கள் என்று அனுப்பவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. "ஐ5, 8 ஜிபி, 512 எஸ்.எஸ்.டி." என்று மட்டும் எழுதினால் எந்தத் தலைமுறை ஐ5 என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார், விலை குறைவாக இருக்க வேண்டுமே. தலைமுறையை எழுதுங்கள். விண்டோஸ் 11 ப்ரோ லைசென்ஸோடா, இல்லாமலா என்று எழுதுங்கள். சும்மா "டாஸ்" என்று போட்டு வரும் மெஷினில் விண்டோஸுக்குத் தனிக் காசு, இல்லையென்றால் திருட்டு விண்டோஸ். வாரன்டி 3 ஆண்டு, இடத்துக்கே வந்து பார்ப்பது, அதுவும் கம்பெனியின் வாரன்டியா விற்பவரின் வாய்ச்சொல்லா என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேளுங்கள், 18 சதவீதம் இருக்கிறது, ஒருவர் சேர்த்தும் ஒருவர் சேர்க்காமலும் கொடுத்தால் ஒப்பிடுவதே வீண். ரேம் 16 ஜிபி கேளுங்கள், ஐந்தாறு ஆண்டு ஓட வேண்டிய மெஷின்.

ஆல் இன் ஒன் என்று திரையும் மெஷினும் ஒன்றாக வருவதை ஸ்டாஃபுக்கு வாங்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், திரை போனால் மொத்தமும் சர்வீஸுக்குப் போக வேண்டும். மூன்று கொட்டேஷனும் ஒரே எழுத்துருவில், ஒரே பிழையோடு வந்தால் அது ஒரு கொட்டேஷன்தான், நாலாவது ஆளை நீங்களே தேடிப் பிடியுங்கள்.

அரசுக் கல்லூரி என்றால் இந்தப் பேச்சே வேறு. 1998ம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைச் சட்டம், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் என்று அதற்கான பாதை இருக்கிறது, அந்தப் பாதையில் போவது தவிர வழியில்லை. அங்கேயும் தேவையை எழுதிக் கொடுப்பது நீங்கள்தான், மேலே சொன்ன வரிகள் அதற்கும் பொருந்தும்.

கேள்வி: புது மெஷினில் எங்கள் பழைய தமிழ் ஃபைல்கள் எல்லாம் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. வைரஸா?
- தமிழ்த்துறை, வேளச்சேரி

பதில்: வைரஸ் இல்லை. வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல் அது. பழைய மெஷினில் அந்த எழுத்துரு இருந்தது, புதியதில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துரு ஃபைலைக் காப்பி செய்து போட்டால் உடனே தெரியும். ஆனால் அதோடு விட்டுவிட்டால் அடுத்த முறை மெஷின் மாற்றும்போதும் இதே கதை. 2010லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் மாற்றும் மென்பொருளை இலவசமாகவே தருகிறது. பாடத்திட்டக் குழுக் குறிப்பு, வினா வங்கி, ஆய்வேடு என்று முக்கியமானதை மட்டும் முதலில் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தடவை கண்ணால் படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு, அட்டவணைக்குள் இருப்பது சில சமயம் விட்டுப்போகும்.

இதைப் பழைய மெஷின் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். மெஷின் மாற்றும் பட்டியலில் "தமிழ் ஃபைல் மாற்றியாயிற்றா" என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அலுவலகத்துக்கும் இது பொருந்தும், டேலி டேட்டா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டு இவையும் பழைய மெஷினோடு போய்விடும். பழையதை ஒரு மாதமாவது பூட்டிய அறையில் வையுங்கள், யாராவது எதையாவது தேடி வருவார்கள்.

கேள்வி: கண்டெம் ஆன 40 மெஷின், 15 பிரிண்டர் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
- நிர்வாக அலுவலர், போரூர்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கையில் போனால் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள், போர்டை ஆசிடில் போட்டு மற்றதை எடுப்பார்கள், புகையும் கழிவும் யார் தலையிலாவது விடியும். மின்கழிவு விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஓர் ஆண்டில் 1,000 சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் அந்த விதிப்படி "மொத்தப் பயனாளர்" ஆகும். அது தன் மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பவர், தயாரிப்பாளர் இவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். ஆயிரம் என்றதும் நாம் இல்லை என்று நினைக்காதீர்கள், அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை, ஏசி, பிரிட்ஜ் எல்லாம் வரும். ஹாஸ்டல் வைத்திருக்கும் கல்லூரி சுலபமாகத் தொட்டுவிடும். தொடாவிட்டாலும் பதிவு பெற்றவரிடமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காலி டோனர் கார்ட்ரிட்ஜும் இதில் சேர்த்தி, குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று காகித வேலை: முதல்வர், கண்காணிப்பாளர், கம்ப்யூட்டர் தெரிந்த ஆசிரியர் ஒருவர் சேர்ந்த குழு, வரிசை எண்ணோடு பட்டியல், தீர்மானம், ஸ்டாக் ரிஜிஸ்டரில் கழித்து எழுதுவது. யுஜிசி போல யாராவது கொடுத்த மானியத்தில் வாங்கியது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், கொடுத்தவர்களைக் கேட்காமல் விற்கக் கூடாது.

இரண்டாவது வேலைதான் பெரியது. அந்த 40 மெஷினிலும் மாணவர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண், மார்க் பட்டியல் இருக்கும். குயிக் ஃபார்மேட் அடித்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள், ஹார்ட் டிஸ்க்கில் போகாது, பெரும்பாலும் இலவச மென்பொருளை வைத்தே மீட்டெடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் முழுக்க மேலெழுதி அழிக்கும் மென்பொருள் ஓட்டுங்கள், எஸ்.எஸ்.டி. என்றால் தயாரித்த கம்பெனி தரும் அழிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள், ஓடாத டிஸ்க்கில் டிரில் மெஷினால் ஓட்டை போடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று எழுதியிருக்கிறது. கல்லூரிக்கு அவ்வளவு போடுவார்களா என்பது வேறு விஷயம், ஒரு மாணவியின் போட்டோவும் போன் நம்பரும் ரிச்சி தெரு செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கில் கிடந்தால் முதல்வர் அவள் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வார்?

நாற்பதில் பத்தாவது நன்றாக ஓடும். அவற்றை அழித்துவிட்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ வேறு லினக்ஸோ போட்டு, பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது கீபோர்டு, மவுஸ், பவர் கேபிள் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். ஓடாததை நன்கொடை என்று சொல்லித் தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறது, அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்?

கேள்வி: ஆடிட்டர் புத்தகத்தில் கம்ப்யூட்டரின் மதிப்பு ஐந்தாண்டில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. அப்படியானால் மாற்றிவிட வேண்டியதுதானே?
- அறக்கட்டளை உறுப்பினர், அடையாறு

பதில்: வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். 50,000 ரூபாய் மெஷின் முதல் ஆண்டு முடிவில் 30,000, அப்புறம் 18,000, 10,800, 6,480, ஐந்தாம் ஆண்டு முடிவில் 3,888. அது கணக்குப் புத்தகத்தின் ஆயுள். மாற்ற வேண்டுமா என்பதை வாரன்டி முடிந்த பிறகு அந்த மெஷினுக்கு ஆன ரிப்பேர் பில்லும், அதில் ஏறும் விண்டோஸும் சொல்லும். அதற்கு மெஷின் வாரியாக ரிப்பேர் பதிவேடு வேண்டும், உங்கள் கல்லூரியில் இருக்கிறதா?

கேள்வி: கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்வரை பழையதைக் கழிக்காதீர்கள், எண்ணிக்கை குறையும் என்கிறார் எங்கள் முதல்வர்.
- கல்லூரி உள் தர உறுதிக் குழு (ஐ.க்யூ.ஏ.சி.) உறுப்பினர், வடபழனி

பதில்: நாக் கேட்பது மாணவர்-கம்ப்யூட்டர் விகிதம். ஸ்டாஃப் ரூமில் தூசி பிடித்துக் கிடப்பது அந்தக் கணக்கிலேயே வராது. லேபில் ஓடாத மெஷினைக் கணக்கில் காட்டினால், வருகிறவர் ஒரு சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் முடிந்தது.

கேள்வி: கிரவுண்ட் ஃப்ளோர் ஆபீஸ். 2015லும் தண்ணீர் வந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வந்தது. புதிய மெஷின் வாங்கவே பயமாக இருக்கிறது.
- கல்லூரிச் செயலர், பள்ளிக்கரணை

பதில்: தரையில் வைக்கும் பெட்டி வேண்டாம், மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் மினி பிசி வாங்குங்கள். யு.பி.எஸ்.ஸையும் பவர் பிளக்கையும் மேசை உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் முதலில் தொடுவது அவற்றைத்தான். சர்வர் இருந்தால் மாடிக்கு. டேட்டா காப்பி ஒன்று கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். வாங்கும்போது இன்ஷூரன்ஸ் பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மானிட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? டிவிஎஸ் கீபோர்டு ஒன்று வைத்திருக்கிறேன், அதை விட மனசில்லை.
- தட்டச்சர், பெரம்பூர்

பதில்: மானிட்டர் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும் இருக்கும், புதிய மெஷினில் அது இல்லாமல் போகலாம், ஒரு கன்வெர்ட்டர் போதும். வகுப்பறை புரொஜெக்டருக்கும் இதே விஷயம்தான், அதையும் கணக்கில் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். கீபோர்டு யு.எஸ்.பி. என்றால் அப்படியே செருகலாம். உருண்டைப் பின் என்றால் அதற்கும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது, ஆனால் மலிவானது சிலவற்றில் எழுத்து விட்டுப்போகும், கீபோர்டைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே அடித்துப் பார்த்து வாங்குங்கள்.